உடல் அடங்கினால் நோ அடங்குமா?

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த உரைத்தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கல்லூரியில் உயிரியல் படித்து வைத்தியத்துறைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். எம்மைப் போன்ற சிலர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் பார்க்கிறோம். எமது நோயாளி வாய் திறந்து எதையும் சொல்லமாட்டார் என்பதே எமது தொழிலின் முதற் பாடம். எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்பதை அதன் உடல் அசைவைக் கொண்டே நாங்கள் அறிகிறோம்.

ஆகவேதான், உடல் அசைவையே நிறுத்திவிடும் இருவகை மருந்துகளைப் பற்றி இன்று பேச எண்ணினோம். ஒன்று, தசையைத் தளர்த்தும் மருந்துகள். மற்றது, வலிப்பை அடக்கும் மருந்துகள். துடிக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர் எம்மிடம் முதலில் சொல்வது, "டொக்டர், இந்த நடுக்கத்தை ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ" என்பதுதான். நியாயமான வேண்டுகோள். ஆனால் நடுக்கம் நின்றால் நோவும் நின்றதாகுமா? நோயும் போனதாகுமா? மிருக வைத்தியம் இந்தக் கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறது.

எட்டியும் அதன் உறவினரும்

எட்டி மரத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். எமது வரண்ட பிரதேசக் காடுகளில் வளர்வது. அதன் விதையில் உள்ள நஞ்சு ஸ்ரிக்னின். அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடி தென்னமெரிக்கக் காடுகளில் உண்டு. அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் பட்டையைக் காய்ச்சி அம்பு நுனியில் பூசினார்கள். அதுதான் கியூராரே. எட்டி விதை உடலை வில்லாக வளைத்து இறுக்கிக் கொல்லும். கியூராரே உடலைத் துணிபோலத் துவளவைத்துக் கொல்லும்.

உயர்தர வகுப்பில் படித்த நரம்புக் கணத்தாக்கத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். முண்ணாணிலிருந்து தசைக்குப் போகும் நரம்புக்கு "இழு" என்ற கட்டளையும் வருகிறது, "பொறு" என்ற கட்டளையும் வருகிறது. ஸ்ரிக்னின் "பொறு" என்ற கட்டளையைத் தடுத்துவிடுகிறது. ஏற்பு நோயின் நஞ்சும் வேறொரு வழியில் அதையே செய்கிறது. அதனால்தான் ஏற்பு வந்த ஆடு, கதவு அடிபடும் சத்தத்துக்கே மரக்கட்டை போல விறைக்கிறது. கியூராரே வேலை செய்யும் இடம் வேறு. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில், அசற்றைல்கோலின் அமரவேண்டிய ஆசனத்தில் அது போய் அமர்ந்துகொள்கிறது. கட்டளை வந்து சேர்கிறது. தசைக்கு அது கேட்பதில்லை.

இரண்டிலும் ஒரு விடயம் பொது. மூளை விழித்தே இருக்கிறது. விறைத்துக் கிடக்கும் ஆட்டுக்கும் எல்லாம் தெரியும். துவண்டு கிடக்கும் குதிரைக்கும் எல்லாம் தெரியும்.

வூராலியா என்ற கழுதை

1814ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பரிசோதனை நடந்தது. சாள்ஸ் வோட்டர்டன் என்பவர் கயானாக் காடுகளிலிருந்து கொண்டுவந்த அம்பு நஞ்சு ஒரு பெண் கழுதைக்கு ஏற்றப்பட்டது. சில நிமிடங்களில் கழுதை இறந்ததுபோல் விழுந்தது. உடனே அதன் மூச்சுக்குழாயில் துளையிட்டு, கொல்லன் துருத்தியைப் போன்ற ஒரு துருத்தியால் மணிக்கணக்காகக் காற்று ஊதினார்கள். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. அந்த நஞ்சுக்கு அங்கே வழங்கிய பெயர் வூராலி. ஆகவே கழுதைக்கு வூராலியா என்று பெயர் வைத்தார்கள். அது 1839 வரை வேலையின்றிப் புல்வெளியில் வாழ்ந்து மறைந்தது.

இந்தக் கழுதை வைத்திய உலகுக்குச் சொன்ன பாடம் பெரிது. கியூராரே கொல்வது மூச்சை நிறுத்தித்தான். மூச்சைக் கொடுத்தால் உயிர் திரும்பும். ஆனால் அந்த மணித்தியாலங்களில் கழுதை எதையெல்லாம் உணர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அரை நூற்றாண்டின் பின்னர் பிரான்சிய உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட், கியூராரே அசைவை மட்டுமே பறிக்கிறது, உணர்வைப் பறிப்பதில்லை என்று தெளிவாக எழுதினார். பரிசோதனைக்கு உட்படும் மிருகங்களைக் காக்கப் பிரித்தானியா 1876இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தில் கியூராரே பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது: அதை மயக்க மருந்தாகக் கொள்ளக்கூடாது என்று.

மனித வைத்தியத்தில் கியூராரே சத்திரசிகிச்சைக்கு முறையாக வந்தது 1942இல். கனடாவின் மொன்றியல் நகரில் ஹரல்ட் கிரிபித் என்ற மயக்கமருந்து வைத்தியரும் ஈனிட் ஜோன்சன் என்ற இளம் பெண் வைத்தியரும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் நோயாளியை மயக்கியபின்னரே அதைக் கொடுத்தார்கள். ஆனால் கியூராரே தானே ஓரளவு மயக்கமும் தரும் என்று எண்ணியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அந்த ஐயத்தைத் தீர்க்க 1947இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் ஸ்கொட் சிமித் என்ற வைத்தியர், மயக்கம் எதுவுமின்றித் தம் உடலிலேயே முழு அளவு கியூராரேயை ஏற்றச் செய்தார். கண்ணிமையைக்கூட அசைக்க முடியாத நிலையிலும் எல்லாம் கேட்டது, எல்லாம் நொந்தது, எல்லாம் நினைவில் இருந்தது என்று எழுந்தபின் சொன்னார். மிருகங்களுக்காக எழுதிய சட்டம் 1876இல் சொன்னதை மனிதர் தம் உடலில் நிரூபிக்க 71 ஆண்டுகள் சென்றன.

அதற்குப் பின்னருங்கூட எமது துறை அந்தப் பாடத்தை முழுதாகக் கற்கவில்லை. 1950களில் சக்சினைல்கோலின் என்ற குறுகியகாலத் தசை தளர்த்தி வந்தது. ஊசி ஏற்றி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் குதிரை சாய்ந்துவிடும். சில நிமிடங்களில் எழுந்துவிடும். மலிவு, விரைவு, கயிறு கட்டி மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆகவே பல நாடுகளில் மயக்க மருந்து எதுவுமின்றி, இந்த ஊசியை மட்டும் போட்டு ஆண் குதிரைகளுக்கு விதை நீக்கினார்கள். குதிரை அசையவில்லை. பார்த்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் கத்தி பட்டதை அது முழுதாக உணர்ந்தது. ஆபிரிக்கப் பூங்காக்களில் யானைகளின் தொகையைக் குறைக்கவும் இதே மருந்தைப் பயன்படுத்தினார்கள். விழுந்த யானை முழு அறிவோடு மூச்சுத் திணறிக் கிடந்தது. இவை இரண்டும் கொடுமையென்று இன்று எமது துறை கைவிட்டுவிட்டது.

இன்று எமது விதி எளிமையானது. முதலில் மயக்கமும் நோ நீக்கமும், பிறகே தளர்த்தல். நாயின் கண்ணில் கற்றராக் சத்திரசிகிச்சை செய்யும்போது கண் நடுவில் அசையாமல் நிற்கவேண்டும். அப்போது நரம்புத்தசைச் சந்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கிறோம். ஆனால் நாய் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும். இயந்திரம் அதற்காக மூச்சுவிடும். ஒருவர் அதன் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் விடாது பார்த்துக்கொண்டிருப்பார். அசைய முடியாத உயிர் தன் நோவைச் சொல்ல மிஞ்சியிருப்பது அந்த நாடித்துடிப்பு ஒன்றுதான்.

மாட்டுக் கொட்டிலில் நிலைமை வேறு. அங்கே எமக்குக் கைகொடுப்பது சைலசீன் என்ற மருந்து. அது அமைதிப்படுத்தும், தசையைத் தளர்த்தும், ஓரளவு நோவையும் குறைக்கும். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரை அளவை மாட்டுக்குக் கொடுத்தால் ஆபத்து. சைலசீன் போட்ட பசு தலையைத் தொங்கப்போட்டுச் சாதுவாக நிற்கும். நின்றாலும், வெட்டும் இடத்தில் விறைப்பூசி போட்டே நாங்கள் வெட்டுவோம். "அதுதான் பேசாமல் நிக்குதே, பிறகேன் இன்னொரு ஊசி?" என்று கேட்கும் ஐயாமாருக்கு, பேசாமல் நிற்பதும் நோகாமல் நிற்பதும் ஒன்றல்ல என்று பொறுமையாக விளக்குவோம். குதிரையைச் சாய்க்கப் பயன்படும் இன்னொரு தளர்த்தி குவாய்பெனிசின். அது முண்ணாணில் வேலை செய்கிறது. உங்கள் வீட்டு இருமல் பாணிப் போத்தலின் முகப்பில் இதே பெயரைக் காணலாம்.

பன்றிக்குப் பட்ட கடன்

பியற்றெயின் போன்ற சில இனப் பன்றிகளுக்கு ஹலோத்தேன் மயக்கவாயுவோ சக்சினைல்கோலினோ கொடுத்தால், தளரவேண்டிய தசை இறுகும். உடல் கொதிக்கும், விரைவில் இறந்துவிடும். இதே பரம்பரைக் குறைபாடு அரிதாகச் சில மனிதக் குடும்பங்களிலும் உண்டு. சிறிய சத்திரசிகிச்சைக்குப் போன ஆரோக்கியமான இளைஞர்கள் மேசையிலேயே இறந்தார்கள். 1975இல் தென்னாபிரிக்காவில் ஹரிசன் என்ற வைத்தியர், டன்ட்ரோலீன் என்ற தசை தளர்த்தி இந்தப் பன்றிகளைக் காப்பாற்றுவதைக் காட்டினார். அதன் பின்னரே அது மனிதருக்கு உயிர்காக்கும் மருந்தானது. மனித வைத்தியர்களாக உள்ள எமது வகுப்புத் தோழிகளுக்கு நாங்கள் இதை அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

வலிப்பு ஒன்று, காரணம் பல

இனி வலிப்புக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். தசை தளர்த்தி மட்டும் கொடுத்த குதிரை பார்வைக்கு அமைதியாகக் கிடந்தது. உள்ளே அது வேதனைப்பட்டது. உடல் முழுவதும் வலிப்பு வந்த நாய் பார்வைக்குப் பயங்கரமாகத் துடிக்கிறது; பல்லைக் கடிக்கிறது, நுரை தள்ளுகிறது, சிறுநீர் கழிக்கிறது. ஆனால் அந்த வேளையில் அதற்குச் சுயநினைவு இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவரே அதிகம் வேதனைப்படுகிறார். எமது கண்ணுக்குத் தெரிவது நோயாளியின் நோவுக்குச் சரியான அளவுகோல் அல்ல என்பதை இவ்விரண்டும் சேர்ந்தே காட்டுகின்றன.

வலிப்பை நிறுத்த நாங்கள் முதலில் எடுப்பது டயசிபாம் போன்ற மருந்து. நாளத்தில் ஏற்றியதும் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அது எமக்குக் கொஞ்ச நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் காரணத்தைத் தேடவேண்டும்.

குட்டி போட்டுச் சில வாரங்களான பெட்டை நாய் நடுங்கி, விறைத்து, காய்ச்சலோடு வந்தால் நாங்கள் கல்சியத்தை நினைப்போம். பாலோடு கல்சியம் போய்விட்டிருக்கும். கல்சியத்தை மெதுவாக நாளத்தில் ஏற்ற, கண்முன்னே நாய் தெளியும். அதே கல்சியக் குறைவு கன்று போட்ட பசுவுக்கு வந்தால் அது துடிப்பதில்லை, துவண்டு விழுகிறது. நீங்கள் பாற்காய்ச்சல் என்று சொல்வது அதைத்தான். ஒரே குறை, ஒன்றை இறுக்குகிறது, மற்றதைத் தளர்த்துகிறது. தலையைப் பின்னுக்கு வளைத்து, கண் தெரியாமல் தடுமாறும் ஆட்டுக்குப் பல வேளைகளில் தேவைப்படுவது தயமின், அதாவது வைற்றமின் பி1. அரிசியோ தவிடோ திடீரென்று அதிகம் தின்ற ஆடுகளில் இதைக் காணலாம். நாயின் உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசிவிட்டு நடுங்கும் பூனையோடு வருபவர்களும் உண்டு. அந்த மருந்துகள் சிலவற்றில் உள்ள பேர்மெத்திறின் நாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, பூனைக்கு நஞ்சு. அங்கே மெதோகாபமோல் என்ற தசை தளர்த்தி உதவும். அதோடு பூனையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நஞ்சையும் அகற்றவேண்டும்.

தடுப்பூசி போடாத குட்டிகளில் டிஸ்ரெம்பர் நோயும் வலிப்பைத் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எமது நாட்டில் வலிப்போடு வரும் எந்த நாயைக் கண்டாலும் ஒரு கேள்வியை நாங்கள் கேட்காமல் விடுவதில்லை: விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா? அந்த நோய்க்கு மருந்தில்லை. நடுக்கத்தை அடக்கிவிட்டு, நாய்க்குச் சுகம் என்று வீட்டுக்கு அனுப்பினால் அது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆபத்து. ஐயம் இருந்து நாய் இறந்தால், அதன் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது அதனால்தான். அதன் எச்சில் உங்கள் காயத்தில் பட்டிருந்தால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஆயுள் முழுவதும் ஒரு குளிசை

காரணம் எதுவும் பிடிபடாமல் திரும்பத் திரும்ப வலிப்பு வரும் நாய்களும் உண்டு. மனிதருக்கு வருவது போன்ற அதே காக்கை வலிப்புத்தான். ஆறு மாதத்தில் இருமுறையோ அதற்கு மேலோ வந்தால் தினமும் மருந்து தொடங்குவது வழக்கம். இந்த மருந்துகளின் கதை மனிதரோடு பின்னிப்பிணைந்தது.

1857இல் விக்ரோறியா மகாராணியின் பிரசவ வைத்தியரான சேர் சாள்ஸ் லொக்கொக் பொற்றாசியம் புரோமைட்டு வலிப்பைக் குறைப்பதாக அறிவித்தார். 1912இல் ஜேர்மனியில் அல்பிரட் ஹவுப்ற்மன் என்ற இளம் வைத்தியர், உறக்கத்துக்கென வந்த பீனோபாபிற்றோன் வலிப்பைத் தடுப்பதைக் கண்டார். மனித வைத்தியம் இவற்றைவிடப் புதிய மருந்துகளுக்குப் போய்விட்டது. நாய்களுக்கு இன்றும் இந்த இரண்டுமே தூண்கள். 1938இல் பொஸ்ரனில் மெரிற், பற்னம் என்ற இருவர் பெனிற்றோயினை அறிமுகப்படுத்தினார்கள். அதை அவர்கள் முதலில் சோதித்தது பூனைகளில். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து மனிதருக்கு உதவியது, பூனைக்கு உதவவில்லை. மனித உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். நாயில் சில மணித்தியாலங்களில் போய்விடும். பூனையில் நாட்கணக்கில் தேங்கி நஞ்சாகும். டயசிபாம் குளிசையைத் தினமும் கொடுத்த பூனைகள் சிலவற்றில் ஈரல் முற்றாகச் செயலிழந்திருக்கிறது. புரோமைட்டு பூனைக்கு இளைப்பைத் தரும். ஆகவே அம்மம்மாவின் வலிப்புக் குளிசையில் பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு எமது பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம்.

பீனோபாபிற்றோன் தொடங்கிய நாய் முதல் இரண்டொரு வாரம் தள்ளாடும். தண்ணீர் அதிகம் குடிக்கும், அதிகம் தின்னும். பயப்படவேண்டாம், தள்ளாட்டம் பெரும்பாலும் குறையும். இரத்தத்தில் மருந்தின் அளவு நிலைபெற ஏறத்தாழ இரண்டு வாரம் செல்லும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஈரலைச் சோதிப்பது நல்லது. புரோமைட்டு இதைவிட மந்தமானது. நாயின் உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 24 நாட்கள் செல்லும். நிலைபெற மூன்று நான்கு மாதங்கள். அதில் ஒரு சமையலறை விடயமும் உண்டு. உப்பில் உள்ள குளோரைட்டு, புரோமைட்டைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். வழமையாக உப்பில்லாச் சோறு தின்னும் நாய்க்கு ஒரு கிழமை கருவாட்டுச் சோறு கொடுத்தால், மருந்தின் அளவு குறைந்து வலிப்பு திரும்பலாம். இதைச் சொன்னால் எமது அம்மாமார் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. "மூன்று மாதமாக வலிப்பே வரவில்லை, சுகமாகிவிட்டது" என்று நிறுத்துபவர்கள் பலர். சுகமாகவில்லை, மருந்து காவல் நின்றது. பீனோபாபிற்றோனைச் சடுதியாக நிறுத்தினால், முன்பு வந்ததைவிடக் கடுமையான வலிப்பு வரலாம். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இது எமக்குப் பெருங் கவலையாக இருந்தது. மனிதருக்கே குளிசை இல்லாத நேரத்தில் நாய்க்குக் கேட்பதா என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டவர்கள் உண்டு. கூச்சப்படாதீர்கள். குளிசை முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே சொன்னால், அளவைப் படிப்படியாகக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ எம்மால் முடியும். முடிந்தபின் வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வீட்டில் வலிப்பு வந்தால்

கனடாவிலோ லண்டனிலோ மெல்பேணிலோ கொக்குவிலிலோ, நீங்கள் எங்கே நாய் வளர்த்தாலும் இவை பொருந்தும்.

வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பது மனிதருக்கும் உதவாது, நாய்க்கும் உதவாது. படி, கிணற்றடி, கூரான பொருள் இவற்றிலிருந்து மெதுவாக விலக்குங்கள். விளக்கைக் குறைத்து, வானொலியை நிறுத்துங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், முடிந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அந்த ஒரு நிமிடப் படம், நீங்கள் அரைமணி நேரம் சொல்வதைவிட எமக்கு அதிகம் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, 24 மணித்தியாலத்துள் மீண்டும் வந்தாலோ அது அவசர நிலை, உடனே கொண்டுவாருங்கள். நின்றபின் சிறிது நேரம் அது உங்களையே அடையாளம் காணாமல் கடிக்கக்கூடும். கோபிக்கவேண்டாம்.

அன்புச் சகோதரிகளே, வலிப்பு வந்த நாயைப் பேய் பிடித்ததென்று தெருவில் விடுவதை நாங்கள் இன்னும் காண்கிறோம். மருந்தோடு பல ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்து, முதுமையில் இயல்பாக இறந்த நாய்களையும் காண்கிறோம். சில நாய்களுக்கு எந்த மருந்தும் போதாமல் போவதும் உண்டு. அப்போது நோவில்லாமல் அனுப்பிவைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. அங்கும் எமது விதி மாறாது: முதலில் ஆழ்ந்த உறக்கம், பிறகே மற்றது.

இன்று இங்கே உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறீர்கள். பேராதனையில் எமது பீடத்தின் கதவு உங்களுக்காகத் திறந்திருக்கிறது. புள்ளி குறைந்தவர்கள் போகும் இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசாத நோயாளியின் நாடியைப் பிடித்து, அதன் நோவை அறிந்துகொள்ளும் தொழில் இது. கூர்ந்து பார்க்கவும் பொறுமையாகக் காரணம் தேடவும் எமக்கு முதலில் கற்றுத்தந்தவர்கள் இக்கல்லூரியின் ஆய்வுகூடத்தில் எம்மோடு நின்ற ஆசிரியைகள்.  நூறாண்டு கண்ட எமது கல்லூரி அன்னை இன்னும் பல்லாண்டு வாழ்க.